முப்பத்தொரு கடிதங்கள்

புத்தகத்தைக் கையில் எடுத்ததும் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கிற ஆட்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. என் மனைவி அந்த ரகம். கதாநாயகி பிழைத்துவிட்டாள் என்று தெரிந்த பிறகுதான் அவளுக்கு முதல் அத்தியாயமே உள்ளே இறங்கும். "மனசு பதறிக்கிட்டே எப்படிங்க படிக்கிறது?" என்பாள். பதறுவதற்காகத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

நேற்று விசாரணையில் நீங்களும் நேராகக் கடைசிப் பக்கத்தைத்தான் கேட்டீர்கள். கடிதங்களை எடுத்து வைத்தது நீங்களா, ஆமாவா இல்லையா என்று. ஆமாம், நான்தான். அதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அதை மட்டும் எழுதிக்கொண்டு போனால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. ஆகவே முதலிலிருந்து சொல்கிறேன்.

சிறையில் எனக்கு இரண்டு வேலைகள். ஒன்று, நூலகம். சமையற்கட்டுக்குப் பின்னால் ஒரு நீளமான அறை. சுவருக்கு அந்தப் பக்கம் நாளெல்லாம் அண்டாக்கள் கொதிப்பதால் இந்தப் பக்கம் புத்தகங்கள் எல்லாம் கொஞ்சம் உப்பியிருக்கும். பெரும்பாலும் பழைய நாவல்கள். இரண்டாவது வேலை, கடிதங்கள். கைதிகளுக்கு வருவதையும் அவர்கள் எழுதுவதையும் படித்துப் பார்த்து, ஓரத்தில் முத்திரை குத்தி, மூன்று நாளுக்குள் உரியவருக்குச் சேர்க்க வேண்டும். இருபத்திரண்டு வருஷம் இந்த இரண்டையும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பார்த்தேன். ஒருவர் கடிதத்தையும் நான் பாதியோடு படிப்பதை நிறுத்தியதில்லை. ஒருவரைப் பற்றியும் வெளியே பேசியதில்லை. கைதிகள் என்னை 'லைப்ரரி சார்' என்பார்கள். என்மேல் இதுவரை ஒரு புகார்கூடக் கிடையாது.

வெல்டர் வந்தபோது அவனுக்கு இருபத்தாறு வயது. சிறையில் எல்லோரும் அவனை அப்படித்தான் கூப்பிட்டார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். பட்டறையில் அவனும் அவன் சிநேகிதனும் சேர்ந்து ஒரு கதவு செய்திருக்கிறார்கள். பற்றவைத்த இடம் கோணலாக இருக்கிறது என்று சிநேகிதன் எல்லோர் முன்னாலும் கேலி பேசியிருக்கிறான். இவன் கையிலிருந்த சுத்தியலை வீசியிருக்கிறான். சிநேகிதன் மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் செத்துப்போய்விட்டான். இவனுக்குச் சிறு வயதிலேயே தாய் தகப்பன் இல்லை. அந்தச் சிநேகிதன் வீட்டில்தான் சாப்பிட்டு வளர்ந்தவன். சிநேகிதனின் அம்மா வீட்டிலேயே தையல் மிஷின் வைத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சீருடை தைப்பவர். அவருக்கு அந்த ஒரே பிள்ளை.

அவன் வந்து ஐந்தாம் மாதம் அந்த அம்மாவிடமிருந்து முதல் கடிதம் வந்தது. பேசுகிற மாதிரியே எழுதுவார். எனக்கு அது மனப்பாடம்.

"கண்ணு, ஒனக்கு லெட்டர் போடக்கூடாதுன்னு எல்லாரும் சொல்றாங்க. ஒன்ன நெனச்சா மொதல்ல கோவம்தான் வருது. அடுத்து, சாப்ட்டானோ இல்லியோன்னு வருது. ரெண்டையும் நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது? எனக்கு ஒருத்தன் போயிட்டான். நீயும் போயிட்டா யாரு இருக்கா? கோர்ட்டுல குடுத்தத அனுபவிச்சு முடிச்சிட்டு வீட்டுக்கு வா. நான் கதவ சாத்தல."

படித்துவிட்டு அழுதேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, பக்கத்தில் யாரும் இல்லாததால், நன்றாகவே அழுதேன். எனக்கு ஈரம் இல்லை என்று யாராவது சொன்னால் இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு முத்திரையைக் கையில் எடுத்தபடி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முற்றத்தில் வெல்டர் பந்து விளையாடிக்கொண்டிருந்தான். யாரோ ஏதோ சொல்ல, வாய்விட்டுச் சிரித்தான்.

முத்திரையைக் கீழே வைத்தேன். கடிதத்தை மேஜை இழுப்பறையில் போட்டேன். அவ்வளவுதான் நடந்தது. ஒரு வாரம் போகட்டும் என்று நினைத்தேன்.

ஏன் என்று கேட்பீர்கள். பழைய நாவல்களில் தப்புச் செய்தவனுக்கு இரண்டே வழிகள்தான் உண்டு. எழுதுகிறவர்களில் ஒரு சாரார் அவனைக் கடைசியில் ஆற்றில் தள்ளிவிடுவார்கள், அல்லது புத்தி பேதலிக்க வைத்துத் தெருவில் அலையவிடுவார்கள். படிக்கிறவனும் சரிதான் என்று புத்தகத்தை மூடிவிட்டுத் தூங்கப் போவான். இன்னொரு சாரார் யாராவது ஒருவரை அனுப்பி அவனை மன்னிக்க வைப்பார்கள். நான் என்றைக்கும் இரண்டாவது கட்சி. தண்டனைக் கட்சியில் நான் ஒருநாளும் இருந்ததில்லை. ஆனால் நல்ல ஆசிரியர் எவரும் மன்னிப்பை இரண்டாம் அத்தியாயத்தில் வைக்கமாட்டார். முன்னூறு பக்கம் அவன் வேக வேண்டும். உள்ளுக்குள் எல்லாம் கழன்று விழ வேண்டும். அப்போது ஒரு சொல் வந்தால்தான் அது அவனை மனிதனாக்கும். சிரித்துக்கொண்டிருப்பவன் கையில் அந்த அம்மாவின் கடிதத்தைக் கொடுத்தால் என்ன ஆகும்? சரி, அம்மாவே மன்னித்துவிட்டாள் என்று மறுபடி பந்தாடப் போவான். அந்தக் கடிதம் வீணாகிவிடும். அதை வீணாக்க எனக்கு மனம் வரவில்லை.

வாரம் ஒருநாள் மதியத்தில் நான் கைதிகளுக்குக் கதை படித்துக் காட்டுவேன். வெல்டரையும் வரச்சொன்னேன். அந்த மாதம் படித்தது ஒரு படகோட்டியின் கதை. குடித்துவிட்டுப் படகைக் கவிழ்த்துப் பலரைச் சாகடித்தவன். தண்டனை முடிந்து திரும்பி வந்து அதே துறையில் படகு விடுகிறான். ஒருவரும் ஏறுவதில்லை. புருஷனைப் பறிகொடுத்த ஒரு பெண் தினமும் கரைக்கு வந்து நின்று அவனைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறாள். பத்தொன்பதாம் வருஷம் ஒருநாள் ஒன்றும் பேசாமல் வந்து படகில் ஏறி உட்காருகிறாள்.

படித்து முடித்துப் புத்தகத்தை மூடினேன். விரல் என்று ஒரு கிழவன் உண்டு, பாக்கெட் அடிக்கிறவன். அவன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"ஏன் சார், அந்தம்மா மொத வருஷமே ஏறியிருந்தா என்ன கெட்டுப்போச்சு?"

"அப்படி ஏறியிருந்தால் அவன் திருந்தியிருப்பானா?"

"அவன் திருந்தினது ஜெயில்லயே சார். அப்புறம் பத்தொம்போது வருஷம் இழுத்தது கத எழுதினவருக்காக. மொத வருஷமே ஏறியிருந்தா பத்து பக்கத்துல முடிஞ்சு போயிருக்கும், பாவம் அவருக்குத்தான் பொழப்பு போயிருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வெல்டர் மட்டும் சிரிக்கவில்லை. "அந்தம்மா ஏறாமலே இருந்திருந்தா அவன் என்ன சார் பண்ணியிருப்பான்?" என்று கேட்டான்.

"காத்திருப்பான்" என்றேன்.

"எவ்வளவு நாள்?"

அவன் முகத்தைப் பார்த்தேன். விதை முளை விட்டிருக்கிறது என்று தெரிந்தது. எனக்கு அன்று எவ்வளவு சந்தோஷம் என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

அதன் பிறகு அவனை நூலகத்து வேலைக்கே கேட்டு வாங்கிக்கொண்டேன். கிழிந்த புத்தகங்களுக்கு அட்டை ஒட்டுவான், முதுகு தைப்பான். கை சுத்தமான கை. ஒருநாள் பசைக் கிண்ணத்தைக் கிளறிக்கொண்டே, "அம்மாவுக்கு ஒரு லெட்டர் எழுதலாமா சார்? என் சிநேகிதனோட அம்மாவுக்கு" என்றான்.

எழுதச் சொன்னேன். எழுதிக்கொண்டு வந்தான். "கோவத்துல கை தவறிடுச்சு அம்மா" என்று இருந்தது.

"கை தவறியதா?" என்று கேட்டேன்.

"…வீசினேன் சார்."

"அப்படியானால் அதை எழுது."

இரண்டாவது தடவை, சிநேகிதன் கேலி செய்ததைப் பற்றி நாலு வரி இருந்தது. செத்தவன்மேல் பழி போடுகிறாயா என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்தேன். மூன்றாவதில் தன் தூக்கம் போனதைப் பற்றி எழுதியிருந்தான். அந்த அம்மா தூங்குகிறாரா என்று ஒரு வார்த்தை உண்டா இதில் என்றேன். இப்படி ஏழு தடவை. பள்ளிக்கூடக் கட்டுரையைத் திருத்துகிற மாதிரி இருந்திருக்கும் பார்ப்பவர்களுக்கு. எனக்கு அது அப்படி இல்லை. ஒவ்வொரு தடவையும் ஒரு தோல் உரிந்தது. ஏழாவது கடிதத்தை அவன் மேஜையில் வைத்தபோது நிமிர்ந்து பார்க்கக்கூட இல்லை.

"அம்மா, சுத்தியல நான்தான் வீசினேன். படணும்னுதான் வீசினேன். பட்டதும் ஒரு நிமிஷம் சந்தோஷமா இருந்துச்சு. அந்த நிமிஷத்த விட்டு நான் இன்னும் வெளிய வரல."

இதைவிட உண்மையான வாக்கியங்களை நான் எந்த நாவலிலும் படித்ததில்லை. அவனிடமும் அதைச் சொன்னேன். அன்றே தபாலில் சேர்த்துவிட்டதாகவும் சொன்னேன். சேர்க்கவில்லை. அந்த அம்மாவின் கடிதங்களோடு அதையும் சேர்த்து வைத்தேன். அப்போது இழுப்பறையில் அவருடையவை ஒன்பது இருந்தன.

அனுப்பியிருந்தால் அவர் பதில் போடுவார், பதிலில் முந்தைய கடிதங்களைப் பற்றிக் கேட்பார், குட்டு உடைந்துவிடும் என்று நான் பயந்ததாக நேற்று உங்கள் உதவியாளர் சொன்னார். சத்தியமாக அந்த யோசனை எனக்கு அப்போது வரவில்லை. அவன் இன்னும் ஒரு படி இறங்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். செய்ததைச் சொல்லிவிட்டான். பதில் வராமல் இருப்பதைத் தாங்கக் கற்றுக்கொள்ளவில்லை.

தபால் வருகிற நாட்களில் அவன் பசை ஒட்டுவதை நிறுத்திவிட்டு என் கைகளைப் பார்ப்பான். ஒன்றும் கேட்கமாட்டான். நான் கட்டைப் பிரித்து, எல்லோருடையதையும் படித்து, முத்திரை குத்தி, அடுக்கி வைப்பேன். கடைசிக் கடிதம் முடிந்ததும் மறுபடி குனிந்துகொள்வான். நான்கு வருஷம் அப்படி.

அந்த அம்மாவையும் நான் அம்போ என்று விட்டுவிடவில்லை. பதிலே இல்லாமல் ஒருவர் எத்தனை நாள்தான் எழுதுவார், பாவம். அவருடைய மன்னிப்பும் சோதிக்கப்பட வேண்டியதுதானே. மறுத்தாலும் நிற்கிற மன்னிப்புத்தான் மன்னிப்பு. ஆகவே வெல்டரின் கையெழுத்தைப் போலவே ஒரு வரி எழுதி அனுப்பினேன். அவன் கையெழுத்து எனக்குப் பழக்கம்தான். "எனக்கு யாரும் வேணாம், எழுதாதீங்க" என்று. நான் மோசடி செய்ததாக நீங்கள் குறிப்பிடும் கடிதம் அதுதான். ஒரே ஒரு வரி.

பத்தாம் நாள் பதில் வந்தது.

"நீ அப்படித்தான் சொல்வே. சின்னப் பிள்ளைலயும் தப்பு பண்ணிட்டா சோறு வேணாம்னு மொட்டமாடில போய் ஒக்காந்துக்குவே. நான்தான தட்டோட மேல ஏறி வருவேன். இப்பவும் வரேன்."

சொன்ன மாதிரியே வந்தார். பார்வையாளர் ஜன்னலுக்குப் போகிற சீட்டுகள் என் மேஜை வழியாகத்தான் போகும். அவரை நூலகத்தை ஒட்டிய முன்னறைக்கு வரச்சொன்னேன். நான் எதிர்பார்த்ததைவிடச் சின்ன உருவம். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய தழும்பு. கையில் ஒரு துணிப்பை. நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

"அவன் உங்களைப் பார்க்க விரும்பவில்லை அம்மா" என்றேன்.

"நான் வந்திருக்கேன்னு சொன்னீங்களா சார்?"

"சொன்னேன்."

"என்ன சொன்னான்?"

"தலையை ஆட்டிவிட்டான்."

கொஞ்ச நேரம் பையின் கைப்பிடியை முறுக்கிக்கொண்டு நின்றார். சுவருக்கு அந்தப் பக்கம் நூலகத்தில் வெல்டர் ஒரு புத்தகத்தின் முதுகைக் கட்டையால் தட்டிக்கொண்டிருந்தான். அந்தச் சத்தம் இரண்டு பேருக்கும் கேட்டது. எழுந்து பத்தடி நடந்து கதவைத் திறந்தால் போதும். என்னால் முடியவில்லை. ஏதோ ஒன்று என்னைக் கட்டிப்போட்ட மாதிரி இருந்தது. நீங்கள் என்னை என்ன வேண்டுமானாலும் நினையுங்கள், அன்று அங்கே இருந்த மூன்று பேரில் மிகவும் இக்கட்டில் இருந்தவன் நான்தான்.

"சாப்பிடறானா சார்?" என்று கேட்டார்.

"சாப்பிடுகிறான்."

பையிலிருந்து ஒரு சட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார். "பழைய அளவுல தச்சிருக்கேன். எளச்சிருந்தா பக்கத்துல பிடிச்சுத் தச்சுக்கச் சொல்லுங்க. சதை போட்டிருந்தா பிரிச்சுவிட உள்ள துணி விட்டிருக்கேன்."

சட்டை நன்றாக இருந்தது. இழுப்பறையில் இடம் இல்லாததால் அதையும் கடிதங்களையும் அலமாரிக்கு மாற்றிப் பூட்டினேன்.

அதற்கப்புறமும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. வெல்டர்தான் மெல்ல மெல்ல நின்றுபோனான். கதை வகுப்புக்கு வருவதை விட்டான். ஒருநாள் என்னைக் கேட்டான், "அம்மா உயிரோட இருக்காங்களா சார்? ஒருவேளை அதனாலதான்…"

"இருப்பார்கள்" என்றேன்.

"இருந்தும் எழுதலேன்னா சரி சார். அது அவங்க நியாயம்."

விரல் ஒருநாள் புத்தகம் மாற்ற வந்தவன், குரலைத் தணித்துக்கொண்டு சொன்னான்: "சார், பயல் உள்ளுக்குள்ள செத்துக்கிட்டு இருக்கான். நீங்களே ஒரு லெட்டர் எழுதிடுங்க சார், அந்தம்மா எழுதின மாதிரி. பொய்தான், இருந்துட்டுப் போவுது. ரெண்டு வரி போதும், பொழச்சுக்குவான்."

இன்னொருவர் பெயரில் கடிதம் எழுதுவது குற்றம் என்று அவனைக் கண்டித்து அனுப்பினேன்.

ஏழாம் வருஷம் மழை நாட்களில் வெல்டருக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. அங்கே நிறையப் பேருக்கு வருவதுதான். மற்றவர்கள் பத்து நாளில் எழுந்து வந்துவிட்டார்கள். இவன் சாப்பாட்டைத் தொடவில்லை. மருந்து கொடுத்தால் மட்டும் வாயைத் திறந்தான். மருத்துவர் என்னிடம், "உங்க பேச்சக் கேப்பான்னு சொல்றாங்க. கொஞ்சம் வந்து பேசுங்க சார். ஒடம்புல பெருசா ஒண்ணுமில்ல, மனுஷன்தான் ஒத்துழைக்கமாட்டேங்கிறான்" என்றார்.

அலமாரியைத் திறந்தேன். முப்பத்தொரு கடிதங்களையும் நூல் கட்டி, சட்டைப்பைக்குள் அடங்காததால் ஒரு நாவலுக்குள் சொருகி எடுத்துக்கொண்டு போனேன். அன்று கொடுத்துவிடுவதாகத்தான் போனேன். இதை நீங்கள் நம்ப வேண்டும்.

சிறை மருத்துவமனையில் ஆறு கட்டில்கள். ஐந்து காலி. பகல் வெளிச்சம் நன்றாக விழுந்தது. பக்கத்தில் உட்கார்ந்தேன். கையைப் பிடித்துக்கொண்டேன், சுள்ளி மாதிரி இருந்தது. அவன் கண்ணைத் திறந்து என்னையும் என் மடியில் இருந்த புத்தகத்தையும் பார்த்தான். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் கேட்காததை அப்போது கேட்டான்.

"ஏதாச்சும் வந்துச்சா சார்?"

புத்தகத்தின்மேல் என் கை இருந்தது. நூல் முடிச்சு விரலில் தட்டுப்பட்டது. அவன் முகத்தைப் பார்த்தேன். அதில் குற்றவுணர்வில்லை, அழுகையில்லை, நான் இத்தனை வருஷம் காத்திருந்த அந்த ஒன்றும் இல்லை. பிழைக்க வேண்டும் என்ற ஆசை மட்டும் ஒரு பொட்டு இருந்தது. அந்த நேரத்தில் கொடுத்தால் அது மன்னிப்பாக இருக்காது, மருந்தாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. மருத்துவர் கேட்டதும் அதைத்தானே. அந்த அம்மாவின் ஏழு வருஷத்தை ஒரு மருந்துச் சீட்டாக ஆக்க நான் யார்?

"இல்லை" என்றேன்.

"சரி சார்" என்றான். என் கையை லேசாகத் தட்டிக்கொடுத்தான், ஏதோ நான்தான் வருத்தப்படக்கூடாது என்கிற மாதிரி. மூன்றாம் நாள் காலை எண்ணிக்கையின்போது மருத்துவமனைக் கணக்கில் ஒரு ஆள் குறைந்தான்.

அவனுக்கு உறவு என்று யாரும் இல்லை. சேர்ந்த அன்று அவன் கொடுத்திருந்த ஒரே முகவரி அந்த அம்மாவுடையது. கண்காணிப்பாளர் அங்கே தகவல் அனுப்பினார். உடலை வாங்க அந்த அம்மாவே வந்தார். கையெழுத்துப் போடும்போது, "என் லெட்டரெல்லாம் அவன் சாமான்ல இருக்குமே, அதையும் குடுத்துடுங்க சார். முப்பத்தொண்ணு போட்டேன்" என்றார். கண்காணிப்பாளர் என்னைப் பார்த்தார். நான் சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டேன். ஒளிக்க வேண்டும் என்று ஒரு கணம்கூட நினைக்கவில்லை.

முப்பத்தொன்றோடு அவன் எழுதிய ஏழாவது கடிதமும் அந்தச் சட்டையும் அவர் கைக்குப் போயின. நடைவழி பெஞ்சில் உட்கார்ந்து அவன் கடிதத்தைப் படித்தார். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார் போலிருக்கிறது, நாலே வரிக்கு வெகுநேரம் ஆயிற்று. படித்துவிட்டுத் தைத்துக்கொண்டு வந்த சட்டையை மடியில் வைத்து, அதன் மடிப்பைத் தடவிக்கொண்டே இருந்தார். அழுவார் என்று பார்த்தேன், அழவில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை. பக்கத்தில் போய் நின்றேன்.

"ஏன் சார்?" என்று கேட்டார். திட்டவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

உங்களிடம் சொன்னதை எல்லாம் அவரிடமும் சொன்னேன். படகோட்டி கதையைச் சொன்னேன். மன்னிப்பு என்பது எவ்வளவு பெரிய பொருள், அதை வாங்குகிற பாத்திரம் எப்படித் தயாராக வேண்டும், அவர் எழுதிய வரிகள்மேல் எனக்கு எவ்வளவு மரியாதை, எல்லாம் சொன்னேன். கடைசிவரை கேட்டார்.

"நான் கத எழுதல சார்" என்றார். "லெட்டர்தான் எழுதினேன்."

எல்லாவற்றையும் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். நான்கு கைதிகள் பெட்டியைத் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். விரல் அதில் ஒருவன். அந்த அம்மா வண்டியின் பின்பக்கமே ஏறிப் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். வாயிற்கதவு மூடும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆகவே, நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் ஆமாம். கடிதங்களைத் தடுத்தது நான். அவன் பெயரில் எழுதியது நான். பார்க்க வந்தவரிடம் பொய் சொன்னது நான். அவனைப் பிழைக்கவைக்கக்கூடிய ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு இல்லை என்று சொன்னதும் நான். வேண்டுமானால் கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். சட்டத்துக்கு அதற்குமேல் படிக்கத் தெரியாது.

எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் பாக்கி. இந்தச் சிறைக்குக் கைதியாக வந்த முதல் வாரமே அந்த அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். மன்னிப்புக் கேட்டுத்தான். ஒரே தடவையில் எழுதிவிட்டேன், அடித்தல் திருத்தல் இல்லாமல். அவர் பதில் போடுவார், எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் மனசு எனக்குத் தெரிகிற மாதிரி வேறு யாருக்குத் தெரியும்? இரண்டு மாதமாக ஒன்றும் வரவில்லை. இங்கே கடிதங்களைப் பார்க்கிறவர் புது ஆள், கொஞ்சம் மந்தம் போலிருக்கிறது. வந்தால் உடனே கொடுத்துவிட வேண்டும், தாமதம் செய்யக்கூடாது என்று நீங்களாவது அவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.